அனுப்பினோம், அறிவித்தோமா?

மாதத்தின் முதல் நாள், திங்கள்கிழமை, ஓய்வூதியம் வழங்கும் நாள். நிதி நிறுவனம் ஒன்றின் தலைமையகத்தில், கணினிப் பிரிவில் நான் பணியாற்றிக்கொண்டிருந்த காலம் அது. காலை பத்தரை மணிக்கு டெல்டா பகுதியின் சிற்றூர்க் கிளை ஒன்றிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் அக்கிளையின் காசாளர். ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி.

அதற்கு முந்தைய சனி, ஞாயிறில்தான் கிளைகளின் மென்பொருளை நாங்கள் மாற்றியிருந்தோம். புதிய மென்பொருளில், குறிப்பிட்ட தொகைக்கு மேல் பணம் வழங்க வேண்டுமானால் அலுவலர் ஒருவர் தம் கணினியிலிருந்து ஒப்புதல் அளிக்க வேண்டும். அந்தக் கிளையில் அந்த அலுவலர் அன்று விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதிலாக இன்னொருவருக்கு ஒப்புதல் உரிமையை வழங்குவது எப்படி என்பது அங்கே எவருக்கும் தெரியவில்லை.

"சார், நாற்பது பேர் நிற்கிறார்கள். பணம் பெட்டியில் இருக்கிறது; கொடுக்க முடியவில்லை. பெரியவர் ஒருவர், 'பணம் இல்லையா அம்மா, கொடுக்க மனம் இல்லையா?' என்று கேட்கிறார். நான் என்ன பதில் சொல்வது?" என்றார்.

"வெள்ளிக்கிழமையே சுற்றறிக்கை அனுப்பிவிட்டோமே, மேடம்" என்றேன்.

"அனுப்பியதாகச் சொல்கிறீர்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே, சார்."

அந்தச் சுற்றறிக்கையை எழுதியவன் நான்தான். ஆங்கிலத்தில் பதினொரு பக்கங்கள். ஒப்புதல் உரிமையை மாற்றி வழங்கும் முறை அதில் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கிளையின் பொது மின்னஞ்சல் முகவரிக்கு அது சென்றது. அந்த முகவரிக்கு வரும் அஞ்சல்களைத் திறந்து பார்க்கும் பொறுப்பு, விடுப்பில் இருந்த அதே அலுவலருடையது.

நண்பகலுக்குள் சிக்கல் தீர்ந்தது. ஆனால், காத்திருந்தவர்களில் ஒருவர் எழுத்துமூலம் புகார் அளித்தார். சில நாள்களில் அந்தக் காசாளருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை ஒன்று சென்றது. 'இது குறித்து உரிய சுற்றறிக்கை முன்கூட்டியே அனுப்பப்பட்டும்' என்று தொடங்கிய அந்தக் குறிப்பாணையில் என் சுற்றறிக்கையின் எண்ணும் தேதியும் சான்றாகக் காட்டப்பட்டிருந்தன. ஊழியருக்கு உதவ நான் எழுதிய தாள், அவருக்கு எதிரான ஆவணமாக மாறியிருந்தது.

அலுவலகக் கணினி மாற்றங்களைப் பற்றிய அறிவிப்புகள் யாருக்காக எழுதப்படுகின்றன என்ற கேள்வி அன்று என்னுள் எழுந்தது. பயன்படுத்துபவருக்காகவா, அல்லது பின்னர் பொறுப்பைத் தட்டிக்கழிக்க உதவும் கோப்புக்காகவா?

ஓயாத மாற்றம்: ஒருகாலத்தில் அலுவலகத்தில் கணினி மாற்றம் என்பது பல ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் பெருநிகழ்வு. இன்று அது வாராந்திர வழக்கம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2003 முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று தன் மென்பொருள்களுக்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை வெளியிட்டுவருகிறது. விண்டோஸ் 7 இயங்குதளத்துக்கான பொதுவான ஆதரவு 2020 ஜனவரி 14இலும், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இலும் முடிவடைந்தன. இதனால் உலகெங்கும் கோடிக்கணக்கான அலுவலகக் கணினிகளை மாற்றவோ தரமுயர்த்தவோ வேண்டியதாயிற்று. இவை தவிர மின்னஞ்சல், வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல், கோப்பு மேலாண்மை என ஒவ்வொன்றும் தனித்தனி அட்டவணையில் மாறிக்கொண்டிருக்கின்றன.

இந்த மாற்றங்கள் தேவையற்றவை அல்ல. பழைய மென்பொருளை அப்படியே வைத்திருப்பது பூட்டில்லாத வீட்டில் நகையை வைத்திருப்பதற்கு ஒப்பானது. மாற்றம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மாற்றத்தைச் செய்யும் பிரிவுக்கும் அதன் விளைவை எதிர்கொள்ளும் ஊழியருக்கும் இடையில் உள்ள பள்ளம்தான் என் கவலை.

நம் நாட்டில் இந்தப் பள்ளம் எப்போதும் இவ்வளவு ஆழமாக இருந்ததில்லை. வங்கிகளில் கணினி நுழைந்தபோது தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. பேச்சுவார்த்தைகள் நடந்தன. 1983இலும் 1993இலும் இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையே ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. அந்த எதிர்ப்பில் தவறான அச்சங்களும் இருந்தன என்பது உண்மை. ஆனால், எந்த இயந்திரம் எங்கே வருகிறது, யாருடைய வேலை எப்படி மாறுகிறது என்பது கடைநிலை ஊழியர் வரை பேசப்பட்டது. இன்றோ மாற்றம் சனிக்கிழமை நள்ளிரவில் ஓசையின்றி வந்து, திங்கள்கிழமை காலை திரையில் தோன்றுகிறது.

சட்டமும் இந்த நெறியை அறியாததன்று. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், அதன் 9ஏ பிரிவின்கீழ், ஊதியம், வேலை நேரம், பணிமுறை போன்ற அட்டவணைப்படுத்தப்பட்ட பணி நிலைமைகளை மாற்றும் முன் தொழிலாளர்களுக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றது. ஆள்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய தொழில்நுட்ப மேம்பாடும் அந்த அட்டவணையில் இடம்பெற்றிருந்தது. அச்சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்பும் முன்னறிவிப்பு என்னும் கொள்கையைக் கைவிடவில்லை. அன்றாட மென்பொருள் மாற்றங்கள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வருவதில்லை. ஆயினும், வேலையின் தன்மை மாறும்போது வேலை செய்பவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற நியாயம் ஒன்றுதான்.

நெறிமுறை சொல்வது: தகவல் தொழில்நுட்பச் சேவையை நிர்வகிப்பதற்கு உலகம் முழுவதும் பின்பற்றப்படும் நெறிமுறைத் தொகுப்பு ஐடிஐஎல். 1980களின் பிற்பகுதியில் பிரிட்டன் அரசின் மத்திய கணினி, தொலைத்தொடர்பு முகமை இதை உருவாக்கியது. ஒவ்வொரு மாற்றத்தையும் அது மூன்றாகப் பிரிக்கிறது. முன்பே அனுமதிக்கப்பட்ட, ஆபத்துக் குறைந்த வழக்கமான மாற்றம்; ஆராய்ந்து ஒப்புதல் பெற வேண்டிய இயல்பான மாற்றம்; உடனே செய்தாக வேண்டிய அவசர மாற்றம். மாற்றத்தால் யார் பாதிக்கப்படுவர், எப்போது செய்யலாம், தவறினால் பழைய நிலைக்குத் திரும்புவது எப்படி ஆகிய கேள்விகளுக்கு விடை எழுதிய பிறகே பணி தொடங்க வேண்டும். வரவிருக்கும் மாற்றங்களின் நாள்காட்டி ஒன்றும் பேணப்பட வேண்டும்.

நம் அலுவலகங்கள் பலவற்றில் இந்த நெறிமுறையின் தொழில்நுட்பப் பாதி பின்பற்றப்படுகிறது; மனிதப் பாதி விடுபடுகிறது. 'யார் பாதிக்கப்படுவர்' என்ற கட்டத்தில் 'அனைத்துப் பயனர்களும்' என்று எழுதிவிட்டு நாங்களும் நகர்ந்ததுண்டு. அனைவரும் என்றால் எவரும் இல்லை என்றாகிவிடுகிறது. காசாளருக்கு என்ன மாறுகிறது, மேலாளருக்கு என்ன மாறுகிறது, கணக்கரின் மாலைநேர அறிக்கை எப்படி மாறுகிறது என்று பிரித்து எழுதும்போதுதான் மாற்றத்தின் உண்மையான அளவு, அதைச் செய்பவர்களுக்கே புரியத் தொடங்குகிறது.

டிஎஸ்பி தரும் பாடம்: பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வாரஇறுதியில் தன் வாடிக்கையாளர்களின் தரவுகளைப் புதிய கணினி அமைப்புக்கு இடமாற்றியது. தரவுகள் சரியாகவே சென்று சேர்ந்தன. ஆனால், புதிய அமைப்பு தடுமாறியது. வங்கியின் எல்லாக் கிளைகளும், 52 லட்சம் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியினரும் பாதிக்கப்பட்டனர். இயல்புநிலை முழுமையாகத் திரும்ப அந்த ஆண்டின் டிசம்பர் ஆயிற்று. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. வாடிக்கையாளர்களுக்கு வங்கி 3.27 கோடி பவுண்டு இழப்பீடு வழங்கியது. ஒழுங்குமுறை அமைப்புகள் 2022 டிசம்பரில் 4.86 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. தலைமைச் செயல் அதிகாரி முன்பே பதவி விலகியிருந்தார்.

இந்தத் தோல்விக்குப் போதிய சோதனையின்மை, அவசரம் எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றோடு, அந்நாட்களில் வங்கித் தலைமை நிலைமையைப் பற்றி வெளியே சொன்னதை நாடாளுமன்றக் குழு கடுமையாகக் குறைகூறியது. நிலைமை சீராகிவருவதாக மேலிடம் சொல்லும்போது, கணக்கைத் திறக்க முடியாமல் நிற்கும் வாடிக்கையாளருக்கு எதிரே அமர்ந்திருப்பவர் கிளை ஊழியர். எந்த நிறுவனத்திலும் இதுதான் நிலை. மேலிடத்தின் ஒவ்வொரு மிகைச்சொல்லுக்கும் முகப்பில் இருப்பவரே விலை கொடுக்கிறார்.

எச்சரிக்கையும் பயனும்: அனுப்புவதும் அறிவிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இன்னொரு சான்று, 2017 மே 12இல் பரவிய வானாக்ரை தாக்குதல். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையின் தொழில்நுட்பப் பிரிவு, மார்ச், ஏப்ரல் மாதங்களில் மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கைகளும் அனுப்பியிருந்தது. ஆயினும், 236 மருத்துவ அறக்கட்டளைகளில் 81 பாதிக்கப்பட்டன. சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. எச்சரிக்கை பெற்ற நிறுவனங்கள் அதன்படி செயல்பட்டனவா என்று சரிபார்க்க முறையான ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை என அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் குறிப்பிட்டது.

அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. தாக்குதலின்போது பல இடங்களில் மின்னஞ்சல் செயலிழந்ததால், ஊழியர்கள் தங்கள் சொந்தக் கைப்பேசிகளில் வாட்ஸ்அப் வழியாகத் தகவல் பரிமாறிக்கொண்டனர். மின்னஞ்சல் நின்றுபோகும் என்ற அறிவிப்பை மின்னஞ்சலிலேயே அனுப்பும் நிறுவனங்கள் இதைச் சிந்திக்க வேண்டும். நின்றுபோகக்கூடிய சேவையைச் சாராத மாற்று வழி ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்து, அதை எல்லோருக்கும் சொல்லிவைப்பது அவசியம்.

குறைவாக அறிவிப்பது ஒரு குற்றம் என்றால், அளவின்றி அறிவிப்பது இன்னொரு குற்றம். அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று புதிய மென்பொருளுடன் சந்தையில் இறங்கியது. எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏற்றப்படவில்லை. அன்று சந்தை திறப்பதற்கு முன்பே, பிழையைச் சுட்டும் 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குச் சென்றன. எவரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. அத்தகைய அஞ்சல்கள் எச்சரிக்கையாகக் கருதப்படும் வழக்கமே அங்கு இல்லை. சந்தை திறந்த முக்கால் மணி நேரத்தில் ஏற்பட்ட இழப்பு 40 கோடி டாலரைத் தாண்டியது. நாள்தோறும் வந்து குவியும் அஞ்சல்களுக்கு நடுவே, முக்கியமான ஒன்று மட்டும் தனித்துத் தெரியும் என்று எதிர்பார்ப்பது பேதைமை. வழக்கமான சிறு மாற்றங்களை வாரத்துக்கு ஒருமுறை ஒரே குறிப்பில் தொகுத்துவிட்டு, வேலையை மாற்றும் மாற்றத்துக்கு மட்டும் தனி அறிவிப்பு அனுப்புவதே முறை.

போலி அறிவிப்பு என்னும் ஆபத்து: ஊழியர்களுக்கு ஒழுங்காக அறிவிக்காததன் விளைவு, சேவைத் தடங்கலோடு முடிவதில்லை. அது மோசடிக்கும் கதவைத் திறக்கிறது. 'உங்கள் அஞ்சல் பெட்டி தரமுயர்த்தப்படுகிறது. இன்றே கடவுச்சொல்லை உறுதிப்படுத்துங்கள்' என்ற போலி அஞ்சலைப் பார்க்காத அலுவலக ஊழியர் இன்று அரிது. 2020 ஜூலையில் ட்விட்டர் நிறுவனத்தில் நடந்த ஊடுருவல் இப்படித்தான் தொடங்கியது. பெருந்தொற்றால் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த ஊழியர்களைத் தொலைபேசியில் அழைத்த மோசடியாளர்கள், தாங்கள் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவிப் பிரிவினர் என்றும், இணைப்புச் சிக்கலைச் சரிசெய்வதாகவும் கூறி உள்நுழைவு விவரங்களைப் பெற்றனர். விளைவாக பராக் ஒபாமா, ஜோ பைடன், ஈலான் மஸ்க் உள்ளிட்டோரின் கணக்குகளிலிருந்து மோசடிப் பதிவுகள் வெளியாயின.

உண்மையான அறிவிப்பு எப்படி இருக்கும் என்று தெரியாத ஊழியருக்குப் பொய்யான அறிவிப்பை இனம்காண இயலாது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல், தமிழ்நாட்டைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனம் உருவாக்கிய தளத்துக்கு மாற்றப்பட்டிருப்பது 2025இல் செய்தியாயிற்று. இத்தகைய பெருமாற்றம் எதுவும் நடக்கும் வேளையே மோசடியாளருக்கு வாய்ப்பான வேளை. ஆகவே, ஒவ்வொரு நிறுவனமும் தன் அறிவிப்புக்கு ஒரே வடிவம், ஒரே அனுப்புநர், ஒரே தொடர்பு எண் என்று நிலைநிறுத்த வேண்டும். 'கடவுச்சொல்லையோ ஓடிபி எண்ணையோ நாங்கள் ஒருபோதும் கேட்கமாட்டோம்' என்ற வரி ஒவ்வொரு அறிவிப்பிலும் இடம்பெற வேண்டும். அப்படிச் சொன்ன பிறகு உண்மையாகவே கேட்காமலும் இருக்க வேண்டும். அவசரத்துக்குத் தொலைபேசியில் கடவுச்சொல் கேட்கும் கணினிப் பிரிவு, மோசடியாளருக்கு ஊழியரைப் பழக்கிக்கொடுக்கிறது.

அஞ்சல் துறையின் அனுபவம்: பெரிய அமைப்புகளில் முன்னறிவிப்பு சாத்தியமில்லை என்பார் உண்டு. இந்திய அஞ்சல் துறையைவிடப் பரந்த அமைப்பு வேறு எத்தனை உண்டு? 1.6 லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்களைக் கொண்ட அத்துறை, 2025இல் ஏபிடி என்ற புதிய மென்பொருளுக்கு மாறியது. முதலில் கர்நாடகத்தில் சோதனை முறையில் செயல்படுத்திவிட்டு, வட்டம் வட்டமாக விரிவுபடுத்தி, ஆகஸ்ட் தொடக்கத்தில் நாடு முழுவதையும் புதிய அமைப்புக்குள் கொண்டுவந்தது. 4.6 லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. முதலில் பயிற்றுநர்கள், அடுத்து ஒவ்வொரு பகுதியிலும் முன்னோடிப் பயனர்கள், அவர்கள் வழியாக மற்ற ஊழியர்கள் என்று படிப்படியாக அந்தப் பயிற்சி இறங்கியது. மாற்றத்துக்காக ஒருநாள் பரிவர்த்தனை இராது என்று பொதுமக்களுக்கும் பகுதிவாரியாக முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது.

முதல் நாள்களில் பல இடங்களில் மென்பொருள் மெதுவாக இயங்கியதாகச் செய்திகள் வந்தன. மக்கள் காத்திருக்கவும் நேர்ந்தது. எவ்வளவு முன்னேற்பாடு செய்தாலும் இது நிகழக்கூடியதே. ஆனால், சுவரில் ஒட்டிய அறிவிப்பைக் காட்டி, 'புதிய மென்பொருளுக்கு மாறுகிறோம், இன்று சற்றுத் தாமதமாகும்' என்று சொல்ல முகப்பில் இருப்பவரால் முடியும். அந்தக் காசாளரிடம் இல்லாமல்போனது அந்த ஒரு வாக்கியம்தான்.

நல்ல அறிவிப்பின் இலக்கணம்: நாங்கள் வழக்கமாக எழுதிய அறிவிப்பு பின்வருமாறு இருக்கும்: 'மைய மென்பொருளின் புதிய பதிப்பு நிறுவப்படவிருப்பதால் சனிக்கிழமை 22 மணி முதல் சேவைகளில் இடையூறு ஏற்படலாம். விவரங்களுக்கு இணைப்பைக் காண்க. சிரமத்துக்கு வருந்துகிறோம்.' இதில் பொய் எதுவும் இல்லை. பயனும் எதுவும் இல்லை. எந்தச் சேவை? எவ்வளவு நேரம்? திங்கள்கிழமை நான் என்ன செய்ய வேண்டும்? மூன்றுக்கும் விடை இல்லை.

அதை இப்படி எழுதியிருக்கலாம்: 'திங்கள்கிழமை முதல், குறிப்பிட்ட தொகைக்கு மேல் பணம் வழங்க அலுவலரின் ஒப்புதல் தேவை. உங்கள் கிளையில் ஒப்புதல் அளிக்க இருவர் பெயரை வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் பதிவு செய்யுங்கள். ஒருவர் விடுப்பில் இருந்தால் மற்றவர் ஒப்புதல் அளிக்கலாம். சனிக்கிழமை இரவு 10 மணி முதல் ஞாயிறு மாலை 6 மணி வரை மென்பொருள் இயங்காது. திங்கள்கிழமை தடங்கல் ஏற்பட்டால், பதிவேட்டில் எழுதி மேலாளர் கையொப்பத்துடன் பணம் வழங்கலாம். உதவிக்கு அழைக்க வேண்டிய எண் இது. காலை 8 மணி முதல் ஆள் இருப்பார்.' பதினொரு பக்கம் எழுதிய எனக்கு, தேவைப்பட்டது இந்த ஐந்தாறு வரிகள் மட்டுமே என்பது பின்னர்தான் விளங்கியது.

இந்த வரிகளின் பின்னே ஒரு வரிசை உண்டு. ஊழியர் செய்ய வேண்டியது முதலில். நாளும் நேரமும் அடுத்து. எது நிற்கும், எதுவரை என்பது அதன் பின். தடங்கல் வந்தால் மாற்று ஏற்பாடு. இறுதியில் உதவிக்கு ஆள். பதிப்பு எண்ணும் சர்வரின் பெயரும் கடைசியில் வரலாம், வராமலும் இருக்கலாம். மாற்று ஏற்பாட்டை எவரும் அலட்சியப்படுத்தக் கூடாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அன்று நம் விமான நிலையங்களில் ஊழியர்கள் பயணிகளுக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தனர். கணினி நின்றாலும் பணி நிற்காமல் இருக்க, தாளும் பேனாவும் எங்கே உள்ளன, எதை எழுத வேண்டும், யார் கையொப்பமிட வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

மொழியும் முக்கியம். தமிழ்நாட்டின் கிளையில், தமிழில் பேசும் மக்களுக்குப் பணியாற்றும் ஊழியருக்கு, மாற்றத்தின் சாரத்தைத் தமிழில் சொல்வதற்கு என்ன தடை? 'சர்வர்', 'பாஸ்வேர்டு', 'பிரிண்டர்' என்று அவர் அன்றாடம் வழங்கும் சொற்களையே பயன்படுத்தலாம். தூய்மையான கலைச்சொல்லைத் தேடி எழுதி, அதற்குப் பொருள் கேட்டு அவர் அழைக்கும் நிலையை உருவாக்க வேண்டியதில்லை.

நாளைத் தேர்ந்தெடுப்பதும் அறிவிப்பின் ஒரு பகுதியே. ஓய்வூதியம் வழங்கும் மாதத் தொடக்கம், ஜிஎஸ்டி படிவம் தாக்கல் செய்யும் 20ஆம் தேதி, கணக்கு முடிக்கும் மார்ச் 31, மத்திய அரசு ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்று அளிக்கும் நவம்பர் ஆகியவை கணினிப் பிரிவின் நாள்காட்டியில் சிவப்பில் குறிக்கப்பட வேண்டியவை. நாங்கள் அந்தத் திங்கள்கிழமையைத் தேர்ந்தெடுத்தபோது, அது மாதத்தின் முதல் நாள் என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் என்றால் முகப்பில் என்ன நடக்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. முகப்பு ஊழியர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால், நாளைத் தள்ளிவைக்கச் சொல்லியிருப்பார்.

அஞ்சல் முகவரி இல்லாதவர்கள்: அலுவலக மின்னஞ்சல் இல்லாத ஊழியர்களும் இருக்கிறார்கள். ஒப்பந்தப் பணியாளர், தற்காலிக எழுத்தர், அலுவலக உதவியாளர், வாயிற்காவலர் ஆகியோரை எந்த அறிவிப்பும் எட்டுவதில்லை. ஆனால், 'இன்று பணம் கொடுப்பார்களா?' என்று முதியவர் முதலில் கேட்பது வாயிற்காவலரிடம்தான். இவர்களுக்கு மின்னஞ்சல் உதவாது. பணி தொடங்கும் முன் பத்து நிமிடம் எல்லோரையும் நிற்கவைத்து மேலாளர் பேசுவது உதவும். ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒருவரை முன்கூட்டியே பழக்கி, அவர் பெயரைப் பலகையில் எழுதிவைப்பது உதவும்.

இத்தனையும் செய்யக் கணினிப் பிரிவுக்கு நேரம் ஏது என்று கேட்கலாம். அந்தத் திங்கள்கிழமை எங்களுக்கு வந்த அழைப்புகளுக்குப் பதில் சொல்லவே என்னுடன் ஐந்து பேர் மாலை வரை அமர்ந்திருந்தோம். அதில் கால்பங்கு நேரத்தை முந்தைய வாரம் செலவிட்டிருந்தால், அழைப்புகளே வந்திருக்கா. அறிவித்தாலும் யாரும் படிப்பதில்லை என்பது அடுத்த மறுப்பு. தமக்குப் பயன்படாத அறிவிப்புகளையே தொடர்ந்து பெற்றவர்கள், படிப்பதை நிறுத்திவிடுவது இயல்பு. நான்கு முறை பயனுள்ளதாக எழுதினால் ஐந்தாம் முறை படிப்பார்கள்.

அறிவிப்பு மேலிருந்து கீழே மட்டும் செல்லும் ஒருவழிப் பாதையாகவும் இருக்கக் கூடாது. மாற்றம் நடந்த முதல் வாரத்தில், 'எங்கே தடுக்கிறது?' என்று கேட்டு, வந்த பதிலுக்கு என்ன செய்தோம் என்பதையும் திரும்பச் சொல்ல வேண்டும். திட்டமிட்ட மாற்றம் தோற்றுப் பழைய முறைக்குத் திரும்பினால், அதையும் மறைக்காமல் அறிவிக்க வேண்டும். தோல்வியை ஒப்புக்கொள்ளும் பிரிவின் அடுத்த அறிவிப்பை ஊழியர்கள் நம்புவார்கள்.

அந்தக் காசாளர் குறிப்பாணைக்கு அளித்த விளக்கம் பின்னர் என் மேசைக்கு வந்தது. 'அஞ்சல் கிளைக்கு வந்தது உண்மை. அதை வாசிக்க வேண்டியவள் நான் என்று எவரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமையே வந்து கற்றுக்கொண்டிருப்பேன்' என்று எழுதியிருந்தார். அதன்கீழ், தவறு எங்கள் அறிவிப்பில்தான் என்று நான் ஒரு குறிப்பு எழுதினேன். கோப்பு முடிக்கப்பட்டது, அவர்மீது நடவடிக்கை இல்லை.

அதன் பிறகு எந்தச் சுற்றறிக்கையையும் அனுப்பும் முன், ஏதேனும் ஒரு கிளையின் காசாளரைத் தொலைபேசியில் அழைத்து அதைப் படித்துக்காட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். படித்து முடித்ததும், "திங்கள்கிழமை காலை நீங்கள் என்ன செய்வீர்கள், மேடம்?" என்று கேட்பேன். அவர் தயங்காமல் பதில் சொன்னால் சுற்றறிக்கை போகும். தயங்கினால், மீண்டும் எழுத உட்காருவேன்.